கொரோனாவுக்கு அப்புறம் யூகே சர்ஜரி ட்ரெய்னிங்குக்கு ஆள் எடுக்கறது எவ்ளோ மாறியிருக்கு? ரங்கூன்ல உக்காந்துகிட்டே அப்ளை பண்ணலாமா?

மோல்மீன்_பையன்

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. எனக்கு ஊரு மியான்மர்ல மோல்மீன், இப்ப ரங்கூன்ல ஒரு சின்ன ப்ரைவேட் ஆஸ்பத்திரில டூட்டி டாக்டரா இருக்கேன். ஹவுஸ் சர்ஜன் முடிச்சப்ப இங்கயே சர்ஜரில மேல்படிப்பு பண்ணணும்னுதான் ஆசை, ஆனா 2020 மார்ச்ல யூனிவர்சிட்டி எல்லாம் மூடினாங்க, சரி நாலு மாசத்துல திறந்துடுவாங்கன்னு உக்காந்திருந்தா அப்புறம் 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சிய பிடிச்சுது, அதுக்கப்புறம் நடந்தது நம்ம எல்லாருக்கும் தெரியும், இங்க எழுத வேணாம்.

இப்ப என்னோட படிச்ச பசங்க பாதி பேரு ப்ளாப் (வெளிநாட்டு டாக்டருங்க யூகேல பதிவு பண்ண எழுதற பரீட்சை) எழுதி இங்கிலாந்து போயிட்டாங்க. நான் கேள்விப்பட்டது என்னன்னா, கொரோனா வந்ததுக்கு அப்புறம் அங்க கோர் சர்ஜரி ட்ரெய்னிங் (சர்ஜன் ஆகறதுக்கு முதல் ரெண்டு வருஷ ட்ரெய்னிங்) இன்டர்வியூ எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சாம், இங்கருந்தே கொடுக்கலாமாம், ஃப்ளைட் செலவு கிடையாதாம். ஒருத்தன் சொல்றான் சர்டிஃபிகேட்ட அப்லோட் பண்ணாலே மார்க்குனு, இன்னொருத்தன் சொல்றான் அதெல்லாம் பழைய கதை இப்ப என்ட்ரன்ஸ் மாதிரி ஒரு பரீட்சை இருக்குனு. எது நெசம்? உள்ள போனவங்க யாராவது விவரமா சொல்லுங்க ப்ளீஸ். அப்பா வேற தினமும் ஃபோன் போட்டு என்னப்பா ஆச்சுன்னு கேக்கறாரு.

தட்டோன்_டு_லீட்ஸ்

தம்பி, நான் தட்டோன்காரன்தான், இப்ப லீட்ஸ் பக்கம் கோர் ட்ரெய்னிங்ல ரெண்டாவது வருஷம். கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படி.

முதல்ல ஒரு விஷயத்த பிரிச்சு வச்சுக்க. கொரோனா மாத்தினது ஒண்ணு, கொரோனாவுக்கு முன்னாடியே மாறினது ஒண்ணு. நம்ம ஆளுங்க ரெண்டையும் சேத்து குழப்பிக்கறாங்க. 2019 அக்டோபர்ல யூகே எல்லா டாக்டர் வேலையையும் ஆள் பத்தாத லிஸ்ட்ல போட்டாங்க. அதுக்கு முன்னாடி விசா வேணுங்கறவன் உள்ளூர்க்காரன் எடுத்தது போக மிச்சம் விழுந்தாதான் பொறுக்க முடியும், அதுக்கப்புறம்தான் முதல் ரவுண்டுலயே சரிக்குச் சமமா நிக்க முடிஞ்சுது. அதாவது கதவ திறந்தது கொரோனா இல்ல. ஆனா திறந்த கதவுக்கு அஞ்சாறு மாசத்துலயே கொரோனா வந்து, கதவுக்கு வந்து நிக்கற செலவையும் இல்லாம பண்ணிடுச்சு. ரெண்டும் ஒண்ணா சேந்ததாலதான் கூட்டம் இப்படி ஏறிச்சு.

பழைய முறை எப்படின்னா, இன்டர்வியூ லண்டன்ல நேர்ல. மூணு டேபிள், டேபிளுக்கு பத்து நிமிஷம். ஒண்ணு மேனேஜ்மென்ட், ஒண்ணு கிளினிக்கல், ஒண்ணு போர்ட்ஃபோலியோ. அந்த போர்ட்ஃபோலியோ டேபிளுக்கு தடி ஃபைல தூக்கிட்டு போவாங்க, அதுல ஆடிட் (வார்டுல வேலை சரியா நடக்குதானு எடுக்கற கணக்கு), பேப்பர், ப்ரைஸ், கோர்ஸ், லாக்புக் (பண்ண ஆபரேஷன் எல்லாம் எழுதி வைக்கற நோட்டு) எல்லாம் கலர் கலரா டிவைடர் போட்டு. எங்க சீனியர் ஒருத்தர் இன்னும் அந்த ஃபைல அலமாரில வச்சிருக்காரு, என்னமோ கல்யாண ஆல்பம் மாதிரி எடுத்து காட்டுவாரு.

2020 மார்ச் 17ம் தேதி என்எச்எஸ் (அங்க உள்ள அரசு மருத்துவ சேவை) மேலிடத்துலருந்து கடுதாசி வருது, அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாத்தையும் ஏப்ரல் பாதிக்குள்ள நிறுத்துங்கனு. கோர் ட்ரெய்னிங் இன்டர்வியூ எப்பவும் வருஷ ஆரம்பத்துலயே முடிஞ்சிரும், அதனால அந்த வருஷம் அது தப்பிச்சுது. மாட்டிக்கிட்டது அதுக்கு மேல போற எஸ்டி3 ஆளுங்கதான், கோர் ரெண்டு வருஷம் முடிச்சுட்டு ஆர்த்தோவோ ஜெனரல் சர்ஜரியோனு பிரிஞ்சு போவாங்கல்ல, அவங்க. அவங்களுக்கு இன்டர்வியூவே கேன்சல். நீயே உனக்கு எவ்ளோ மார்க்குனு ஃபார்ம்ல போட்டியே, அந்த சுயமதிப்பீட்டு மார்க்க வச்சே ரேங்க் போட்டு வேலை கொடுத்துட்டாங்க. யோசிச்சு பாரு, ஆறு வருஷத்துக்கான ட்ரெய்னிங், கன்சல்டன்ட் (மூத்த ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்) ஆகற வரைக்கும் போற பாதை, ஒரு ஆளோட ஒரு வார்த்தை பேசாம. வேற வழியும் இல்ல, இன்டர்வியூ எடுக்க வேண்டிய கன்சல்டன்ட் எல்லாரும் வார்டுல நிக்கறாங்க. ஆனா அன்னிக்கு கடைசி நிமிஷத்துல எந்த பேப்பரும் சேக்க முடியாம, நேர்ல பேசி ஏத்திக்கலாம்னு இருந்தவன் எல்லாம் அடி வாங்கினான்.

2021ல இருந்து கோர் ட்ரெய்னிங்கும் ஆன்லைன். போர்ட்ஃபோலியோ டேபிள தூக்கிட்டாங்க, ஃபைல் எல்லாம் ஸ்கேன் பண்ணி அப்லோட், யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து சரிபாத்து மார்க் போடுவாரு. அதிகமா போட்டுக்கிட்டா குறைப்பாங்க, வேணும்னே பொய்னு தெரிஞ்சா விவகாரம் ஜிஎம்சி (அங்க டாக்டருங்கள பதிவு பண்ற கவுன்சில்) வரைக்கும் போகும். மிச்ச ரெண்டு டேபிளும் திரைக்கு வந்துடுச்சு. கொரோனா போயும் அது திரும்ப லண்டனுக்கு போகவே இல்ல, அவங்களுக்கும் ஹால் வாடகை மிச்சம்.

உன் ரெண்டாவது ஃப்ரெண்டு சொன்னதும் சரிதான். வீட்லருந்தே அப்ளை பண்ணலாம்னதும் எல்லாரும் அப்ளை பண்ணாங்க, மொத்தமே அறுநூறு சொச்சம் இடம். இத்தனை பேரோட பேப்பர சரிபாக்க ஆள் இல்ல. அதனால 2023 எடுப்புல இருந்து எம்எஸ்ஆர்ஏனு ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை, முன்னாடி ஜிபி (குடும்ப டாக்டர்) எடுக்கறதுக்கு வச்சிருந்தது, அத சர்ஜரிக்கும் வடிகட்டியா வச்சுட்டாங்க. அதுல மேல வந்தாதான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவாங்க, கடைசி மார்க்குல அதுக்கு பத்து சதவீதம், போர்ட்ஃபோலியோவுக்கு முப்பது, இன்டர்வியூவுக்கு அறுபது. பத்துதானேனு இருந்துடாத, அந்த பத்த தாண்டலனா மிச்ச தொண்ணூறு கிடையாது.

மாண்டலே_சயா

தம்பிகளா, நான் பழைய ஆளு, முப்பது வருஷமா கத்தி பிடிக்கறேன். இதெல்லாம் படிக்க படிக்க எனக்கு ஒரு கேள்விதான். இந்த மொத்த கதையில அந்த பையன் முடிச்சு போடறத யாரு பாத்தா?

நாங்க ஆள் எடுத்தப்ப முறை ஒண்ணும் சுத்தமா இல்ல, அது எனக்கும் தெரியும், சிபாரிசு உண்டு, யாரு பையன்னு கேக்கறது உண்டு, நம்ம தமிழ் பசங்களுக்கு அது எவ்ளோ இடிச்சுதுன்னு சொல்லவே வேணாம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு குடல் ஓட்டையாகி வர்ற கேஸுல ரிட்ராக்டர பிடிச்சுட்டு நிப்பான் பாரு, அங்க தெரிஞ்சிடும் இவன் சர்ஜனா இல்லையானு. கை நடுங்குதா, ரத்தத்த பாத்து பேச்சு கூடுதா குறையுதா, நர்ஸுகிட்ட எப்படி பேசறான், திட்டினா மறுநாள் வரானா. இத எந்த அப்லோடுல ஏத்துவ? ஆள பாக்காமலே ஆள் எடுக்கறது, அதுவும் கைத்தொழிலுக்கு. கொரோனா சமயத்துல சரி, வீடு எரியும்போது வாசல் பாத்துட்டு இருக்க முடியாது. அப்புறமும் அதையே வச்சுக்கிட்டது சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்வேன்.

ட்வாண்டே_அக்கா

சயா கோவிச்சுக்காதீங்க, பழைய லண்டன் இன்டர்வியூலயும் யாரும் முடிச்சு போட்டு காட்டல, மூணு டேபிள்லயும் வாய்தான் பேசிச்சு. நேர்ல வாய் பேசறதுக்கும் திரையில வாய் பேசறதுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் நமக்கு ஃப்ளைட்டு, ஹோட்டலு, விசிட் விசா, அதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டு, எல்லாம் அரைமணி நேரத்துக்கு. எங்க அம்மா வளையல வித்தாகூட அது ஆகியிருக்காது. அதனால ஆன்லைன திட்டறவங்க எல்லாம் யாரு காசுல போனாங்கனு ஒரு தடவை யோசிச்சுக்கணும். மரியாதையோடதான் சொல்றேன்.

தம்பி, நான் போன தடவை ரங்கூன்ல இருந்துதான் இன்டர்வியூ கொடுத்தேன். கேள்வி எப்படி வரும்னு நெட்ல ஆயிரம் பேரு சொல்வாங்க, நான் சொல்றது வேற. நமக்கும் லண்டனுக்கும் குளிர்காலத்துல ஆறரை மணி நேரம் வித்தியாசம், அவங்க காலைல ஒம்போதுனா நமக்கு மூணரை, சாயங்கால கரண்ட் டைம் டேபிள்ல எந்த பக்கம் விழுதுன்னு மொதல்லயே பாரு. இன்வெர்ட்டர் பேட்டரி மட்டும் நம்பாத, கரண்ட் போனா ஃபைபர் வர்ற பெட்டியும் தெருவோட செத்துடும், ரெண்டு கம்பெனி சிம்மு போட்ட ரெண்டு ஃபோனு சார்ஜ் ஏத்தி பக்கத்துலயே வை. விபிஎன் இல்லாம ஓடுதானு ஒரு வாரம் முன்னாடியே டெஸ்ட் பண்ணு. எங்க கட்டடத்துல கீழ் வீட்டுக்காரர் ஜெனரேட்டர் போட்டாருனா சத்தத்துல நான் பேசறது எனக்கே கேக்காது, அன்னிக்கு மட்டும் நிறுத்துங்க அங்கிள்னு லட்டு வாங்கிட்டு போய் கெஞ்சினேன்.

இன்டர்வியூ மொத்தமே இருபது நிமிஷம். கிளினிக்கல்ல ரெண்டு கேஸு அஞ்சஞ்சு நிமிஷம், அது நமக்கு சுலபம், ட்ராமா வருது, ஆபரேஷன் பண்ண பேஷன்ட்டுக்கு காய்ச்சல் வருது, ஏர்வே ப்ரீத்திங்னு வரிசையா சொல்லிட்டு போகலாம், நாம நெசமாவே பாத்த கேஸுங்கதான். மேனேஜ்மென்ட்லதான் நம்ம ஆளுங்க மாட்டறாங்க. முதல்ல லீடர்ஷிப் பத்தி மூணு நிமிஷம் நீ தயார் பண்ணிட்டு வந்து பேசணும், ரெண்டு நிமிஷம் அதுல குறுக்கு கேள்வி, அப்புறம் ஒரு சிச்சுவேஷன். உன் சீனியர் தியேட்டருக்கு குடிச்சிட்டு வராரு, என்ன பண்ணுவ? நமக்கு சின்ன வயசுலருந்து சயா, அதாவது வாத்தியார், சொன்னா சரிதான், எதுத்து பேசி பழக்கமே இல்ல. அங்க அவங்களுக்கு வேண்டியது, பேஷன்ட்ட காப்பாத்து, அவர தனியா கூட்டிட்டு போய் பேசு, மேல யார்கிட்ட சொல்லணுமோ சொல்லு, அவருக்கும் உதவி கிடைக்கணும்னு யோசி, எழுதி வை. எம்எஸ்ஆர்ஏலயும் பாதி பேப்பர் இதேதான், ப்ரொஃபஷனல் டைலமானு பேரு. நான் அத பாங்காக் போய் எழுதினேன், ஆக இன்டர்வியூவுக்கு மிச்சம் பிடிச்ச காசுல கொஞ்சம் அங்க போச்சு, இலவசம்னு நினைச்சுக்காத.

எனக்கு இடம் கிடைக்கலங்கறதையும் சொல்லிடறேன். இன்டர்வியூ மார்க் நல்லாவே வந்துச்சு, போர்ட்ஃபோலியோலதான் வழுக்கிச்சு.

மோல்மீன்_பையன்

அக்கா ரொம்ப நன்றி, போர்ட்ஃபோலியோல ஏன் வழுக்கிச்சு? நான் அதுதான் கொஞ்சம் தைரியமா இருந்தேன், ஏன்னா கேஸ் நிறைய பாத்திருக்கேன். அப்பெண்டிக்ஸ், ஹெர்னியா, சீழ் கட்டி எல்லாம் நானே பண்ணிருக்கேன், 2021 ஜூலைல ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊரே வரிசைல நின்னப்ப டாக்டர் ஆளே இல்லாம மத்தது எல்லாம் எங்க தலையிலதான் விழுந்துச்சு.

ட்வாண்டே_அக்கா

பாத்தது இருக்கு தம்பி, பாத்தேங்கறதுக்கு காயிதம் எங்க? லாக்புக்ல 40 கேஸ் இருந்தாலே அந்த கட்டத்துல முழு மார்க்கு, நமக்கு 40 ஒரு மாசத்து கதை. ஆனா பேஷன்ட் பேரு இல்லாம, தேதி, ஆபரேஷன், நீ பண்ணியா துணைக்கு நின்னியா, எல்லாம் எழுதி அந்த மொத்தத்துக்கும் கீழ கன்சல்டன்ட் கையெழுத்து வேணும். நான் வேலை பாத்த பழைய இடத்துல இருந்து கையெழுத்து வாங்கற நிலைமை இல்ல, ஏன்னு உனக்கே புரியும். ஆடிட்டும் அப்படித்தான், ஒரு தடவை கணக்கெடுத்தா போதாது, குறைய கண்டுபிடிச்சு மாத்தி மறுபடி கணக்கெடுத்து முன்னேறிச்சானு காட்டணும். ரெண்டாவது சுத்து எடுக்கறதுக்குள்ள வார்டே கலைஞ்சு போச்சு எனக்கு.

தட்டோன்_டு_லீட்ஸ்

அக்கா சொன்ன இடம்தான் மொத்த விஷயமே. நேர்ல இருந்தா ஒரு கன்சல்டன்ட் முகத்த பாத்து, எந்த மாதிரி எடத்துல வேலை பாத்திருக்க, என்ன கஷ்டம்னு ஒரு கேள்வி கேக்க வாய்ப்பு இருந்துச்சு. அப்லோடுல அது கிடையாது, சரிபாக்கறவருக்கு கட்டத்துல சொன்னது காயிதத்துல இருக்கா இல்லையா, அவ்ளோதான். ரெண்டும் நியாயம்தான், ஒரு பக்கம் முகம் பாத்து மார்க் போடறது போச்சு, இன்னொரு பக்கம் ரங்கூன் மாதிரி இடத்துல என்ன நடந்துச்சுனு கேக்கறதும் போச்சு. அதனால தம்பி நீ பண்ண வேண்டியது புதுசா எதுவும் பண்றது இல்ல, ஏற்கனவே பண்ணிட்டு இருக்கறத இன்னிலருந்து காயிதத்துல ஏத்தறது.

சயா சொன்ன கை விஷயத்துக்கும் ஒண்ணு சொல்லணும். கொரோனால இங்க ட்ரெய்னிங்ல இருந்தவங்களே ஆபரேஷன் இல்லாம தவிச்சாங்க. 2020ல ட்ரெய்னிங் பசங்க லாக்புக்ல ஏறின ஆபரேஷன் அதுக்கு முந்தின வருஷத்த விட ரொம்பவே கம்மி. வருஷக் கடைசி மதிப்பீட்டுல 10.1, 10.2னு புதுசா ரெண்டு முடிவு கொண்டு வந்தாங்க, குறை இருக்கு ஆனா தப்பு உன்னுது இல்ல, கொரோனாவுதுனு அர்த்தம். 10.1னா மேல போகலாம் அப்புறம் சரிக்கட்டிக்க, 10.2னா கூட டைம் எடுத்து முடி. அப்ப சேந்தவங்க சில பேரு இன்னிக்கும் சொல்வாங்க, அந்த கைய பிடிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சுன்னு. ஆள் எடுக்கறத மட்டும் பேசறோம், எடுத்த ஆளுக்கு கத்துக்கொடுக்க தியேட்டரே இல்லாம இருந்தது யாரும் பேசறதில்ல.

ஆமா தம்பி முக்கியமான ஒண்ணு. நீ சர்ஜரி டிபார்ட்மென்ட்ல மொத்தம் எத்தனை மாசம் வேலை பாத்திருக்க, ஹவுஸ் சர்ஜன விட்டுட்டு?

மோல்மீன்_பையன்

ஹவுஸ் சர்ஜனுக்கு அப்புறம் கவர்மென்ட்ல அசிஸ்டண்ட் சர்ஜனா கொஞ்ச நாள், அதுல சர்ஜரி வார்டு ஒரு வருஷம் வரும். இப்ப இருக்கற இடத்துல எல்லாம் கலந்துதான், ஓபி, காய்ச்சல், வயித்து வலி, ராத்திரி வர்ற ஆபரேஷனும். ஏண்ணே, ஜாஸ்தி இருந்தா நல்லதுதானே?

தட்டோன்_டு_லீட்ஸ்

அதான் இல்ல. கோர் ட்ரெய்னிங் சேர்ற தேதில சர்ஜரில 18 மாசத்துக்கு மேல அனுபவம் இருந்தா அப்ளிகேஷனே செல்லாது, ஹவுஸ் சர்ஜன் காலத்துல பண்ணத கணக்குல எடுக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல இருந்து வர்ற நல்ல கை உள்ள பசங்க பாதி பேரு இங்கதான் தட்டுப்படறாங்க, அனுபவம் கூட இருந்ததால வெளிய. இன்னொரு சிக்கல், நம்ம கவர்மென்ட் வேலைல முதல் படிக்கே அசிஸ்டண்ட் சர்ஜன்னுதான் பதவி, கிராமத்துல காய்ச்சலுக்கு மாத்திர கொடுக்கறவரும் அசிஸ்டண்ட் சர்ஜன்தான். பயோடேட்டால அப்படியே போட்டுட்டா அங்க படிக்கறவன் ஏதோ அஞ்சு வருஷம் சர்ஜரி பண்ணிருக்கான்னு எண்ணிடுவான். எந்த மாசம் எந்த டிபார்ட்மென்ட்னு பிரிச்சு எழுது, லெட்டர்லயும் அப்படியே வாங்கு. இப்ப இருக்கற வேலை கலந்ததுன்னா அதையும் தெளிவா எழுது, ஒளிக்காத.

பஜண்டவுங்_மாமா

நான் டாக்டர் இல்ல, மசாலா கடை வச்சிருக்கேன், அக்கா பையன் இதுல இருக்கான்னு படிக்க வந்தேன். ஒரு சந்தேகம், இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதி போனா அங்க இப்ப உள்ளூர் பசங்களுக்குத்தான் முதல்லங்கறாங்களே, அது நெசமா? பையன் மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கான்.

தட்டோன்_டு_லீட்ஸ்

நெசம்தான் மாமா. 2025 ஜூலைல அவங்க கவர்மென்ட் போட்ட பத்து வருஷ திட்டத்துலயே எழுதிட்டாங்க, ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங்ல யூகேல படிச்சவங்களுக்கும், என்எச்எஸ்ல கணிசமா வேலை பாத்த வெளிநாட்டு டாக்டருக்கும் முன்னுரிமைனு. அவங்க பசங்களே வேலை இல்லாம நிக்கறாங்க, கோவம் வரத்தான் செய்யும், நான் அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பையன்கிட்ட அந்த வாக்கியத்தோட ரெண்டாவது பாதிய படிக்கச் சொல்லுங்க. வெளிய இருந்து நேரா ட்ரெய்னிங்ல குதிக்கற காலம், 2019ல கதவு திறந்ததுலருந்து வந்த அந்த அஞ்சாறு வருஷம், அது முடியுது. முதல்ல இங்க வந்து ட்ரெய்னிங் இல்லாத வேலை, கிளினிக்கல் ஃபெலோனு சொல்வாங்க, அதுல சேந்து அனுபவம் சேத்துட்டு அப்புறம் அப்ளை பண்றதுதான் இனி வழி. அந்த வேலைக்கும் கூட்டம் தாங்கல, அதையும் சொல்லிடறேன். அதுலயே இருந்துட்டு ட்ரெய்னிங்கே இல்லாம ஸ்பெஷலிஸ்ட் ஆகற போர்ட்ஃபோலியோ பாத்வேனு ஒண்ணும் இருக்கு, முன்னாடி சீசர்னு சொல்வாங்க, வருஷக்கணக்குல ஆகும். ஃபெலோ வேலைல சேந்ததும் அந்த 18 மாச கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும்கறதையும் மறக்கக் கூடாது, அதனால முதல் போஸ்ட் சர்ஜரிலயா எமர்ஜென்சிலயானு யோசிச்சு எடுக்கணும்.

மாண்டலே_சயா

ட்வாண்டே பொண்ணு சொன்னது நியாயம்தான், காசு விஷயத்துல நான் வாய மூடிக்கறேன். கை பத்தி சொன்னதுல மாத்திக்க மாட்டேன்.

மோல்மீன் தம்பி, அந்த ஆடிட்டு உனக்கு நான் செஞ்சு தர முடியாது ஆனா வழி சொல்றேன். உன் ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்கு போட்டாங்கனு சார்ட்ல இருக்கும், தோல கீறறதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டிருக்கணும். பழைய சார்ட்டுங்கள எடுத்து பாரு, எத்தனைல சரியா இருக்குனு எழுது. தியேட்டர்ல சுவத்துல ஒரு தாள் ஒட்டு, நர்ஸுங்ககிட்ட பேசு. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எண்ணு. காசு வேணாம், மெஷின் வேணாம், கரண்ட் கூட வேணாம். முன்னேறலனா அதையும் எழுது. உங்க சர்ஜன் கையெழுத்து போட பயந்தா யாருனு எனக்கு தனியா மெசேஜ் பண்ணு, ரங்கூன்ல பாதி பேரு என் ஜூனியருங்கதான்.

மோல்மீன்_பையன்

சயா கும்பிடறேன், நாளைக்கே சார்ட் ரூம் சாவி கேக்கறேன். லீட்ஸ் அண்ணே, கடைசியா ஒண்ணு, ட்ரெய்னிங்குக்கு தகுதினு ஏதோ ஃபார்ம் கையெழுத்து வாங்கணும்னு சொல்றாங்களே, அதுக்கும் யூகே கன்சல்டன்ட்தான் வேணுமா? நம்ம சர்ஜன் போட்டா செல்லுமா?

தட்டோன்_டு_லீட்ஸ்

க்ரெஸ்ட் ஃபார்ம சொல்ற. நம்ம சர்ஜன் போட்டா செல்லும், ஆனா அவர்கிட்ட நீ தொடர்ந்து மூணு மாசமாவது வேலை பாத்திருக்கணும், அது வேலை ஆரம்பிக்கற தேதிலருந்து பின்னாடி மூணரை வருஷத்துக்குள்ள இருக்கணும். அவருக்கு ஜிஎம்சி பதிவு இல்லனா நம்ம மெடிக்கல் கவுன்சில் பதிவு அத்தாட்சி காப்பி கூட வைக்கணும், இங்கிலீஷ்ல இல்லனா மொழிபெயர்ப்போட. ஃபார்ம்ல ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா டிக் பண்ணணும், ஒரு கட்டம் விட்டாலும் தள்ளிடுவாங்க. அந்தந்த வருஷத்து ஃபார்ம்தான் எடுக்கணும், அதனால இப்பவே பழசுல கையெழுத்து வாங்கி வச்சுக்காத, புதுசு வரட்டும். அதுக்குள்ள ப்ளாப் ரெண்டாவது பார்ட்டுக்கு மான்செஸ்டர் வரணும்ல, அந்த ஸ்லாட்ட பாரு முதல்ல, அதுக்கு மட்டும் இன்னும் ஆன்லைன் வரல.